உஷார்! மகளுக்குத் தனியார் பள்ளி தேடுகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இந்த வாரம் ஏதாவது தனியார் பள்ளியில் மகளுக்குச் 'சீட் பிடித்துவைக்க' பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். ஒரு வாரம் தள்ளிக் கட்டினால் குடி முழுகிவிடாது. விசாரிக்காமல் கட்டிவிட்டால் அந்தப் பணம் லேசில் திரும்பி வராது. அதைவிட மோசம், கட்டிய பணத்தை நினைத்து நினைத்தே, நாளைக்குப் பிள்ளை சொல்கிற குறையை எல்லாம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று தள்ளிவிடத் தொடங்குவோம்.

மணவாள நகர் நிலைமை நமக்குத் தெரிந்ததுதான். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் டவுன், இந்தப் பக்கம் நாம், நேரே போனால் ஸ்ரீபெரும்புதூர் ரோடு. தெருவில் பாதி வீடுகளில் கம்பெனி வேலை. ஏ ஷிப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். பி ஷிப்ட் என்றால் வீடு திரும்ப நடுராத்திரி. அம்மாவும் வேலைக்குப் போகிற வீட்டில், பெண் பிள்ளை பள்ளி விட்டு வந்து தனியாக இருக்குமே என்ற பயம் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பயத்தைக் குறிவைத்துத்தான் நோட்டீஸ் அடிக்கிறார்கள்: "மாணவியருக்கு மட்டும்", "24 மணி நேர சிசிடிவி", "கண்டிப்பான ஒழுக்கம்", "செல்போனுக்கு அனுமதி இல்லை."

நோட்டீஸில் இருப்பதெல்லாம் கட்டுப்பாடு. நமக்கு வேண்டியது பாதுகாப்பு. பிள்ளையின் வாயைக் கட்டிவைக்கிற பள்ளியில் கட்டுப்பாடு நிறையவே இருக்கும். அங்கே ஏதாவது நடந்தால் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பாருங்கள்.

பர்கூர் கற்றுத்தந்த பாடம்

2024 ஆகஸ்ட். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரை அடுத்த ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்கவைத்தார்கள். காக்கி உடுப்பையும் விசிலையும் பார்த்தால் எந்தப் பெற்றோருக்குச் சந்தேகம் வரும்? முகாம் நடத்திய ஆள் 8-ஆம் வகுப்புச் சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் போக்சோ வழக்கு பதிவானது. பிறகுதான் குட்டு உடைந்தது: அந்த ஆளுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவும் இல்லை. சிறுமி சொன்ன பிறகும் விஷயத்தை வெளியே விடாமல் மறைத்ததாகப் பள்ளி முதல்வர் உள்ளிட்டோர் கைதானார்கள்.

2025 பிப்ரவரியில் மணப்பாறையில் இன்னொரு தனியார் பள்ளி. 4-ஆம் வகுப்புச் சிறுமிக்குத் தொல்லை கொடுத்ததாகக் கைதானவர் வாத்தியாரும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. நிர்வாகக் குடும்பத்து ஆள்.

இதிலிருந்து தெரிவது என்ன? 'பெண்கள் பள்ளி' என்று போர்டு மாட்டியிருப்பதால் வளாகத்தில் ஆண்களே இல்லை என்று ஆகிவிடாது. வேன் டிரைவர், கராத்தே மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர், தாளாளரின் சொந்தக்காரர்கள் என்று பலர் வந்துபோவார்கள். யார் எந்த நேரத்தில் எதுவரை உள்ளே வரலாம் என்று பள்ளியில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். முகாம், டூர், ஸ்பெஷல் கிளாஸ் என்று இரவு தங்கவைப்பதாக இருந்தால், எந்த அமைப்பு நடத்துகிறது, எந்த ஆசிரியை கூடவே தங்குகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். என்.சி.சி. என்றால் எந்தப் பட்டாலியன் என்று கேளுங்கள். உண்மையான முகாமுக்குப் பட்டாலியனிலிருந்து உத்தரவு வந்திருக்கும்.

முதல்வர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்: "ஒரு மாணவி யார் மேலயாவது புகார் சொன்னா, நீங்க என்ன செய்வீங்க மேடம்?"

"உடனே போலீசுக்குச் சொல்வோம், 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்வோம்" என்பது ஒன்றுதான் சரியான பதில். 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் மீதான புகாரை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "முதல்ல நாங்க உள்ளுக்குள்ளயே விசாரிப்போம்" என்று இழுத்தால் உஷாராகிவிடுங்கள். "எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் நடக்கவே நடக்காதுங்க" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நடக்காது என்று நம்புகிறவர்கள், நடந்தால் என்ன செய்வது என்று யோசித்துவைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு. 2021-இல் சென்னை கே.கே. நகரில் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர் பாலியல் புகாரில் கைதான பிறகு, எல்லாப் பள்ளிகளிலும் இப்படி ஒரு குழு வேண்டும் என்று அரசு சொன்னது. அதில் யார் யார் இருக்கிறார்கள், பெற்றோர் யார் என்று கேளுங்கள். ஒரு பெயராவது சட்டென்று வரவேண்டும். கே.கே. நகர் விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் அங்கே படித்து முடித்துப்போன மாணவிகள் என்பதையும் மறக்கவேண்டாம். நீங்கள் பார்க்கும் பள்ளியில் படித்து முடித்த பெண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். இன்றைக்குப் படிக்கிற பிள்ளை பயந்துகொண்டு மழுப்பும், டி.சி. வாங்கி வெளியே வந்த பிள்ளை உள்ளதைச் சொல்லும்.

தனியார் என்றால் எந்தத் தனியார்?

நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி மூன்றும் வேறு வேறு. பழைய கான்வென்ட் பெண்கள் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. அங்கே ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் ஓடலாம். உங்கள் மகள் எந்தப் பிரிவில் சேர்கிறாள் என்று கேட்டீர்களா?

ஏன் கேட்கவேண்டும் என்றால், பள்ளியின் வகையை வைத்துத்தான் நாளைக்குச் சில சலுகைகள் கிடைக்கும், சில கைநழுவும்.

6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது கிடையாது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காக வந்தது. 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். சுயநிதிப் பள்ளிக்கு இரண்டுமே இல்லை.

டவுனில் அரசுப் பெண்கள் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிற பிள்ளையை, "பக்கத்து வீட்டுப் பிள்ளை மெட்ரிக்ல படிக்குதே" என்று இரண்டு வருஷத்துக்கு மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு டாக்டர் சீட்டுக்கான வழியையே அடைத்துவிடுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த 25 சதவீத ஒதுக்கீட்டிலும் ஒரு சூட்சுமம். எல்.கே.ஜி.யில் இலவசமாகச் சேர்க்கலாம் என்று நம்பிக் கான்வென்ட் வாசலில் போய் நிற்பார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்னால் "இது சிறுபான்மை நிறுவனமா?" என்று கேட்டுவிடுங்கள்.

போர்டைப் பார்க்காதே, எண்ணைக் கேள்

இந்தியாவில் எல்லாப் பள்ளிக்கும் யூடைஸ் எண் ஒன்று உண்டு. 11 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். திருவள்ளூர் மாவட்டம் என்றால் 3301. அந்த எண்ணை வாங்கி யூடைஸ் இணையதளத்தில் போட்டால் பள்ளி எந்த வகுப்பு வரைக்கும், எந்த வாரியத்தில், யார் நிர்வாகத்தில் என்று வந்துவிடும். வாசலில் "சிபிஎஸ்இ" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விசாரித்தால் 'சிபிஎஸ்இ பாடத்திட்டம்' என்பார்கள். பாடப் புத்தகத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம், இணைப்பை சிபிஎஸ்இ வாரியம்தான் தரவேண்டும். இணைப்பு எண் இல்லாத பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரைக்கும் காலம் ஓடிவிடும். 9-ஆம் வகுப்புப் பதிவின்போது பிள்ளைகளை வேறொரு பள்ளியின் பெயரில் பதிந்துவிட்டு, 10-ஆம் வகுப்புத் தேர்வை அந்தப் பள்ளியின் பெயரிலேயே எழுதவைப்பார்கள். பொதுத்தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது இது தெரியவந்தால் பெற்றோர் என்ன செய்ய முடியும்?

கட்டடத்துக்கு நான்கு காகிதம் வேண்டும்: கட்டட உரிமம், உறுதித்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் வெந்து மடிந்தார்கள். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், மேலே கீற்றுக்கொட்டகை. பிறகுதான் இந்தச் சான்றுகளைக் கெடுபிடியாகக் கேட்டார்கள். காகிதம் இருந்தாலும் கண்ணால் பார்க்கவேண்டும். 2025 ஜனவரி 3-ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டி மூடி உடைந்து ஒரு பச்சைக் குழந்தை உள்ளே விழுந்து இறந்தது. துருப்பிடித்த இரும்பு மூடி. அதைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம், பள்ளியின் பின்பக்கம் ஒரு முறை நடந்திருந்தால் போதும்.

துண்டுச்சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

அட்மிஷன் சீசனில் ஆபீஸ் ஜன்னலில் நடக்கும் பேச்சு இது.

"ஃபீஸ் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க சார்."

"அதெல்லாம் எழுதித் தர மாட்டோம்மா. மனசுல வெச்சுக்குங்க. போட்டோ எடுக்காதீங்க."

பணம் கட்டியதும் கையில் வருவது பள்ளி ரசீது இல்லை. பள்ளியின் பெயரே இல்லாமல், ஏதோ ஒரு டிரஸ்டின் பெயர் அச்சடித்த வெள்ளைச் சீட்டு. அதில் 'நன்கொடை' என்று பேனாவால் எழுதி, கீழே புரியாத ஒரு கையெழுத்து. நாளைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்களா விரும்பித் தந்த நன்கொடைதானே" என்பார்கள். நம்மிடமும் வேறு ஆதாரம் இருக்காது.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளி நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2009 சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு, பள்ளிவாரியாக, வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. சிபிஎஸ்இ பள்ளியும் இதில் அடக்கம். குழுவின் உத்தரவை இணையத்தில் பார்க்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எங்கே இருக்கும் தெரியுமா? ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஒலிம்பியாட், ஆண்டுவிழா, "ஆக்டிவிட்டி" என்ற தலைப்புகளில்.

நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. எல்.கே.ஜி. பிள்ளைக்கு இன்டர்வியூ, 6-ஆம் வகுப்புக்கு என்ட்ரன்ஸ் என்று வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் பல்லோடுதான் இருக்கிறது. புகார் கொடுக்கத்தான் ஆளில்லை.

இப்போது புதிதாக ஃபீஸுக்கு இ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்கள். "மாசா மாசம் கட்டினா போதும் சார்" என்று போனை வாங்கி, அவர்களே ஆப் இறக்கி, ஓ.டி.பி. கேட்பார்கள். ஓ.டி.பி. சொன்ன அந்த நிமிஷத்தில் உங்கள் பெயரில் கடன் ஏறிவிட்டது. பள்ளிக்கு மொத்தப் பணமும் போய்ச்சேர்ந்துவிடும். பிள்ளைக்குப் பள்ளி பிடிக்காமல் பாதியில் நிறுத்தினாலும் தவணை நிற்காது. கம்பெனியில் கான்டிராக்ட் முடிந்து உட்கார்ந்திருக்கும் மாதத்திலும் நிற்காது.

பேனரில் சிரிக்கும் முகங்கள்

மே மாதம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டின் இரண்டு பக்கமும் மார்க் பேனர்கள். "மாநில முதலிடம்" என்று எந்த மாநிலப் பாடத்திட்டப் பள்ளியாவது போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். 2017-லேயே ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்திவிட்டது.

"100 சதவீதத் தேர்ச்சி" என்பதையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கலாம். இந்த வருஷம் 10-ஆம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், அதே பிள்ளைகள் 8-ஆம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர்? எண்ணிக்கை சரிந்திருந்தால், கழித்துக்கட்டப்பட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். சுமாராகப் படிக்கிற பெண்ணை 9-ஆம் வகுப்பில் "வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால், மிச்சமிருப்பவர்கள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெறுவதில் என்ன அதிசயம்? உங்கள் மகளுக்கும் ஒரு வருஷம் டைபாய்டு வரலாம், வீட்டில் ஒரு சாவு விழலாம், மார்க் குறையலாம். அந்த வருஷம் இந்தப் பள்ளி அவளைத் தாங்குமா, தள்ளிவிடுமா? பேனரில் இல்லாத பிள்ளைகளின் கதையில்தான் இதற்குப் பதில் இருக்கிறது.

மேல்நிலைக்குச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் ரத்தாகிவிட்டது. அந்தத் தேர்வு 2017-18-இல் வந்ததற்கு முக்கியக் காரணமே, தனியார் பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருஷமும் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைத்ததுதான். அந்தப் பழக்கம் திரும்ப வரலாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் 11-ஆம் வகுப்புப் பாடம் உண்டு. அங்கே படிக்கிற பிள்ளையின் நோட்டை வாங்கி, ஜூலை மாதம் எந்தப் புத்தகம் நடந்தது என்று புரட்டிப் பாருங்கள்.

வேனின் நம்பர் பிளேட் என்ன நிறம்?

நம் ரோட்டில் தண்ணி லாரி, கன்டெய்னர், கம்பெனி பஸ், எல்லாம் ஓடுகிற அதே காலை ஏழு மணிக்குத்தான் பள்ளி வேனும் ஓடுகிறது. நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை பிளேட் என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்ற உரிமை இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கைவிரிப்பது இந்தக் காரணத்தைக் காட்டித்தான். "அது வெளி வேன் சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று பள்ளியும் ஒதுங்கிக்கொள்ளும். வேன் பள்ளியுடையதா, வெளியாளுடையதா என்று சேர்க்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

2012 ஜூலை 25-இல் தாம்பரம் பக்கம் சேலையூரில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ஆம் வகுப்புச் சிறுமி செத்துப்போனாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன: மஞ்சள் நிறம், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கூடவே ஓர் உதவியாளர், வருஷா வருஷம் சோதனை. 2022 மார்ச்சில் வளசரவாக்கம் பக்கம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று சேர்த்தார்கள். 2025 ஜூலை 8-இல் கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். உங்கள் பிள்ளையின் ரூட் எந்த கேட்டைத் தாண்டுகிறது என்று தெரியுமா?

வேனில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. முதலில் ஏறி கடைசியில் இறங்குகிற பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை உங்கள் மகளாக இருந்தால், கடைசிக் கால் மணி நேரம் வண்டியில் அவளும் டிரைவரும் மட்டும்தானா, உதவியாளர் அம்மா இருக்கிறாரா என்று ஒரு நாள் பின்னாலேயே வண்டி ஓட்டிப் போய்ப் பாருங்கள். இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக் கதவு வரை யார் கூப்பிட்டு வருகிறார்கள் என்பதும் நம் பொறுப்பு. 2025 ஜூலை 12-இல் நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆரம்பாக்கத்தில், பள்ளி விட்டுத் தனியாக நடந்துபோன சிறுமியை ஒருவன் தூக்கிக்கொண்டு போனான். குற்றவாளி என்று ஒருவனைப் போலீஸ் பிடிக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

ஹாஸ்டல் என்றால் இரட்டை உஷார்

ஷிப்ட் வேலையில் மகளைக் கவனிக்க முடியவில்லை என்று ஹாஸ்டலில் விடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 2022 ஜூலை 13-இல் கள்ளக்குறிச்சி கனியாமூரில் தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த 12-ஆம் வகுப்பு மாணவி இறந்தாள். 17-ஆம் தேதி கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகு ஆய்வுக்குப் போனபோதுதான் அந்த விடுதி உரிய அனுமதி இல்லாமல் நடந்தது தெரியவந்தது. அத்தனை பெற்றோரில் ஒருவர் முன்பே கேட்டிருந்தால்? அதே ஜூலை 25-இல் மப்பேட்டை அடுத்த கீழச்சேரியில், அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி விடுதியில் இன்னொரு 12-ஆம் வகுப்பு மாணவியின் சாவு. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டிலும் யார்மீது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கீழச்சேரியில் நடந்தது நம் மணவாள நகருக்குப் பக்கத்தில்தான் என்று ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. விடுதி உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தேதி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். இரவு எந்த வார்டன் தங்குகிறார், உடம்புக்கு முடியாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போவார்கள் என்று கேளுங்கள். போன் விஷயத்தில்தான் பெரிய சூட்சுமம்: வாரம் ஒருமுறை, அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டுப் பேசவிடுவார்கள். அந்தப் போனில் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? தனியாகப் பேசவிடாத ஹாஸ்டலில் சேர்க்கவே வேண்டாம்.

பாத்ரூமைப் பார்க்காமல் வராதீர்கள்

பள்ளி காட்டுவது ஸ்மார்ட் போர்டையும் கம்ப்யூட்டர் லேபையும். நீங்கள் கேட்கவேண்டியது பாத்ரூம். அம்மாவோ அக்காவோ சித்தியோ உள்ளே போகட்டும். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணி வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நாலையும் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பளபளவென்று இருக்கும். மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு போங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தோழி வெளியே பிடித்துக்கொண்டு நிற்கிற பள்ளிகள் இன்றும் உண்டு. அங்கே பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் இருந்து, யூரின் இன்ஃபெக்ஷனோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாய் என்று சொல்லி 8-ஆம் வகுப்பு மாணவியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவிட்டார்கள். வீடியோ வெளியான பிறகு முதல்வர் சஸ்பெண்ட் ஆனார். "திடீர்னு பீரியட்ஸ் வந்தா பிள்ளை யார்கிட்ட போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியை ஒருவரின் பெயரைச் சொல்கிறார்களா, முகத்தைச் சுளிக்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி விடுகிற நேரத்துக்கு வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார்களா, தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் வருகிறார்களா, மிஸ்ஸைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பேசுகிறார்களா, ஒதுங்கிப் போகிறார்களா என்று உங்கள் மகளே கவனித்துச் சொல்வாள். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். திட்டி வாயை அடைக்காதீர்கள்.

சேர்த்துவிட்டீர்களா? அப்போது இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யை நிறுத்திவைத்து மிரட்டினால் பயப்படாதீர்கள். கட்டண வசூலுக்கு டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது, பாக்கி விவரத்தை டி.சி.யில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டி.சி. வரத் தாமதம் என்பதால் 8-ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக இருக்கிறார். அவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. கல்வித் துறையின் உதவி எண் 14417.

மகள் தவறான தொடுதலைப் பற்றிச் சொன்னால் வழி வேறு. பள்ளிக்கு ஓடாதீர்கள், தாளாளர் அறையில் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசுவார்கள், காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். நேராக 1098-க்குப் போன் போடுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு அலையவேண்டுமே என்ற தயக்கம் வேண்டாம். போக்சோ சட்டப்படி, வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பதிவுசெய்யவேண்டும். கூடுமானவரை பெண் எஸ்.ஐ.யே வரவேண்டும், அதுவும் யூனிபார்ம் போடாமல். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

"பொண்ணு பேரு கெட்டுடும், யோசிச்சுக்குங்க" என்று சொந்தக்காரர்களும் சொல்வார்கள், பள்ளிக்காரர்களும் சொல்வார்கள். அவளுடைய பெயர், படம், வீடு, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் சிறை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பேர் கெடும் என்று பயப்படவேண்டியது தப்புச் செய்தவனும் மூடி மறைத்தவர்களும்தான். நீங்கள் புகார் கொடுங்கள்.